சேலத்தின் அறுபதாண்டு கான்கிரீட் வீட்டை மரபுக் கட்டிடமாகக் காப்பாற்றுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபேர்லேண்ட்ஸ், மரவனேரி, ஹஸ்தம்பட்டி பக்கத்துத் தெருக்களில் இன்னும் சில வீடுகள் தப்பி நிற்கின்றன. தட்டையான மொட்டை மாடி, ஜன்னல்களுக்கு மேலே ஒரே கோடாக நீளும் மெல்லிய சன்ஷேட், மாடிப்படியை ஒட்டி மேலிருந்து கீழ்வரை காற்றோட்டத் துளைகள் கொண்ட கான்கிரீட் ஜாலி, தூண் இல்லாமல் நீட்டி நிற்கும் போர்டிகோ, கைப்பிடிச் சுவரில் சிமெண்டிலேயே புடைத்து நிற்கும் வீட்டின் பெயரும் ஆண்டும். 1950களிலும் 60களிலும் கட்டியவை. தேக்குத் தூணும் முற்றமும் கொண்ட வீட்டைப் பழமை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்த வீடுகளை மட்டும் 'பழைய பில்டிங்' என்று சொல்லி இடித்துவிடுகிறார்கள்.

இவையும் வரலாறுதான். பாண்டிச்சேரியில் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்ட் விடுதியின் வேலை 1937இல் தொடங்கியது. சண்டிகர் நகரை வடிவமைக்கக் கட்டிடக்கலைஞர் லெ கார்பூசியே 1951இல் வந்தார். சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டிடம் 1959இல் திறக்கப்பட்டது. புதிய நாடு தன் முகத்தை கான்கிரீட்டில் தேடிய காலம் அது. அந்த அலை சேலத்துக்கு வந்தபோது நம் ஊர் மேஸ்திரிகளும் டிராஃப்ட்ஸ்மேன்களும் அதை இங்குள்ள வெயிலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். ஜாலியும் சன்ஷேடும் வெறும் அலங்காரம் அல்ல. சித்திரை வெயில் சுவரில் நேரே விழாமல் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு அது.

அப்படி ஒரு வீடு உங்கள் கையில் இருந்தால், அதை மரபுக் கட்டிடமாக நிலைநிறுத்த என்ன செய்யலாம் என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: சட்டம் இன்னும் உங்கள் பக்கம் முழுதாக வரவில்லை

மத்திய அரசின் 1958ஆம் ஆண்டு தொல்லியல் சட்டப்படி, நினைவுச் சின்னம் என்றால் குறைந்தது 100 ஆண்டு பழமை வேண்டும். 1960இல் கட்டிய வீடு அதற்குத் தகுதி பெற 2060 வரை காத்திருக்க வேண்டும். சென்னைக்கு சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் மரபுக் கட்டிடப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் எல்லை சென்னைப் பெருநகரோடு சரி. சேலத்துக்கு அது பொருந்தாது.

வயதைக் காரணம் காட்டி எதை இழக்க முடியும் என்பதற்கு டெல்லி உதாரணம் போதும். ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியாளராக இருந்து, 1972இல் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் மண்டபத்தை 2017 ஏப்ரலில் இடித்தார்கள். 60 ஆண்டு ஆகாத கட்டிடங்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று அங்குள்ள மரபுக் குழு ஒதுங்கிக்கொண்டது. நம் ஊரிலேயே ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ன ஆயிற்று? ஒரு காலத்தில் தென்னிந்திய சினிமாவின் பெரிய படப்பிடிப்புக் கூடங்களில் ஒன்று. இன்று அதன் நுழைவு வளைவுதான் மிச்சம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. ஒரு கட்டிடத்தின் வரலாறு, கட்டிடக்கலை, பண்பாடு, சுற்றுச்சூழல் சார்ந்த மதிப்புகளை அது கணக்கில் எடுக்கிறது. கோயிலுக்கும் கோட்டைக்கும் மட்டுமான சட்டம் அல்ல. அதனால் அரசு வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காமல், அரசு வந்து பார்க்கும் நாளில் வீடும் ஆதாரங்களும் தயாராக இருக்கும்படி செய்ய வேண்டும். ஆவணம், குடும்பம், பழுது, அங்கீகாரம் என்ற வரிசையில் போகச் சொல்வேன். பலர் பழுதிலிருந்து தொடங்குகிறார்கள். வேலை தொடங்கிய பிறகு ஆவணம் எடுத்தால் மூல வடிவத்தின் பாதி அதற்குள் குப்பை லாரியில் போயிருக்கும்.

படி 1: எதையும் தொடுவதற்கு முன் ஆவணம்

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பழைய சொத்து வரி ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். கணினிக்கு வராத பழைய பதிவுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித் தரச் சொல்லி மனு போட வேண்டும். வீடு கட்ட அனுமதி வாங்கிய வரைபடம் நகராட்சிக் காலத்துக் கோப்புகளில் இருக்க வாய்ப்புண்டு. சேலம் 1866இலிருந்து நகராட்சி, 1994இல்தான் மாநகராட்சி ஆனது. எனவே மனுவில் பழைய வார்டு எண், பழைய கதவு எண் இரண்டையும் எழுதுங்கள். புது எண்ணை மட்டும் கொடுத்தால் எழுத்தருக்குத் தேட வழியே இருக்காது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

வீட்டுக்குள்ளும் தேடுங்கள். பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியில் நீல நிற அமோனியா பிரிண்ட், சிமெண்ட் வாங்கிய பில், மேஸ்திரியின் கணக்கு நோட்டு, கிரகப்பிரவேச போட்டோ ஏதாவது இருக்கலாம். போட்டோவில் பின்னால் தெரியும் ஜன்னல் கதவின் வடிவம்கூட பிறகு உதவும்.

அப்புறம் அளவெடுப்பு. ஒவ்வொரு தளத்துக்கும் வரைபடம், நான்கு பக்க முகப்பு, குறைந்தது ஒரு குறுக்குவெட்டு. அந்தக் கால வீடுகள் அடி, அங்குலக் கணக்கில் கட்டியவை. மீட்டரில் அளந்தால் ஒன்றும் ஒத்துவராதது போலத் தெரியும். அடியில் அளந்தால் வீட்டின் கணக்கு தானாகப் புரியும். ஜாலிக் கல் ஒன்றின் நீளம், அகலம், கனம், துளையின் வடிவம் ஆகியவற்றைத் தனியாக வரையுங்கள். நாளை ஒன்று உடைந்தால் அச்சு செய்ய அதுதான் ஆதாரம்.

வீட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர்களை உட்கார வைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்த அறை எப்போது சேர்த்தது, எந்தச் சுவர் எப்போது எடுத்தது, தரை போட்ட ஆள் எங்கிருந்து வந்தார் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும்.

படி 2: இந்த வீடு ஏன் முக்கியம்? ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இருபதாம் நூற்றாண்டுக் கட்டிடங்களைக் காப்பது பற்றி, மரபுச் சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பான இக்கோமோஸின் வல்லுநர் குழு வெளியிட்ட மாட்ரிட் – புதுடெல்லி ஆவணம் 2017இல் இறுதி வடிவம் பெற்றது. அதில் அடிப்படையானது இதுதான்: முதலில் கட்டிடத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்று புரிந்துகொள், அதன் பிறகு கை வை.

உங்கள் ஒரு பக்கக் குறிப்பும் அப்படி இருக்கட்டும். யார் கட்டினார், எந்த ஆண்டு, என்ன பொருள், ஊரின் எந்தக் கதையோடு சேர்ந்தது. ஜவுளி வியாபாரமா, மேக்னசைட் சுரங்கமா, மருத்துவமனையா? பிறகு, போனால் திரும்ப வராத அம்சங்களின் பட்டியல். போர்டிகோ, ஜாலி, மொசைக் தரை, ஸ்டீல் ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி, முன்தோட்டத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். அடுத்து, மாற்றினால் பரவாயில்லை என்ற பட்டியல். 1985இல் சேர்த்த பின்பக்கக் குளியலறை, பிறகு போட்ட ஷீட் கூரை போன்றவை. இரண்டாவது பட்டியல் இல்லாத பாதுகாப்புத் திட்டம் நடைமுறைக்கு வராது. அந்த வீட்டில் மனிதர்கள் வாழ வேண்டும் அல்லவா?

படி 3: குடும்பம்

சேலத்தில் இந்த வீடுகள் விழுவது பெரும்பாலும் மழையால் அல்ல, பாகப்பிரிவினையால். நான்கு பங்காளிகள், ஒரே மனை. விற்றுப் பங்கு போடுவதுதான் சுலபம். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலிருந்தும், நாடு முழுவதும் 2005இலிருந்தும் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை உண்டு. எனவே அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு முடித்த ஒப்பந்தம் நிற்காது. அக்கா, தங்கைகளையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து உட்காருங்கள்.

பலர் ஒன்று செய்கிறார்கள்: தானசெட்டில்மெண்ட் எழுதும்போது 'இந்த வீட்டை எக்காலத்திலும் விற்கக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882இன் 10ஆம் பிரிவுப்படி, சொத்தைக் கொடுத்துவிட்டு அதை மாற்றவே கூடாது என்று முழுதாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. வாங்கியவர் மறுநாளே விற்கலாம். அமெரிக்காவில் வீட்டின் முகப்பை மாற்றும் உரிமையை மட்டும் ஒரு பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டைத் தாங்களே வைத்துக்கொள்ள சட்ட வழி உண்டு. நம்மிடம் அதற்கு நேரான ஏற்பாடு இல்லை.

அதனால் நடைமுறையில் மூன்று வழிகளைப் பார்க்கலாம். ஒருவர் மற்ற பங்குகளை விலை கொடுத்து வாங்கி, மற்றவர்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவது. மனையைப் பிரித்து, பின்பக்கக் காலி இடத்தை விற்று அந்தப் பணத்தில் பங்கைத் தீர்த்துவிட்டு, வீடு நிற்கும் பகுதியைக் காப்பது. அல்லது அறக்கட்டளை அமைத்து அதன் நோக்கமாகவே பாதுகாப்பை எழுதுவது. இரண்டாவது வழியைத்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன். அந்தக் காலத்து மனைகள் பெரியவை, எல்லோருக்கும் ஏதாவது கையில் வரும், மனஸ்தாபமும் குறையும். எதைத் தேர்ந்தாலும் சிவில் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் பத்திர அலுவலகப் படி ஏறாதீர்கள்.

இதோடு சேலத்தின் நகரத் திட்டக் குழும அலுவலகத்தில் உங்கள் தெருவுக்குச் சாலை விரிவாக்கம் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன் சுற்றுச்சுவரும் போர்டிகோவும் அந்தக் கோட்டுக்குள் வந்தால், ஆட்சேபம் சொல்ல வேண்டிய காலம் வரைவுத் திட்டம் வெளியாகும்போதுதான்.

படி 4: பழுது பார்ப்பது

இங்கேதான் பணமும் கவனமும் அதிகம் போகும். மேலிருந்து கீழே வாருங்கள்.

*மொட்டை மாடி.* அந்தக் கால ஆர்.சி.சி. சிலாபுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு படுகை, அதற்கு மேல் தட்டோடு. வெயிலைத் தாங்குவதும் தண்ணீரைத் தள்ளுவதும் அதுதான். ஒழுகத் தொடங்கியதும் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு கான்கிரீட்டும் டைலும் போடுகிறார்கள். பழைய சிலாபுக்கு அந்தப் பாரம் வேண்டாம். பழைய படுகை உயிரோடு இருந்தால் வெடித்த தட்டோடுகளை மட்டும் மாற்றி இடுக்கை அடையுங்கள். செத்துவிட்டிருந்தால் முழுதாக எடுத்து அதே முறையில் மறுபடி போடுங்கள். பொதுப்பணித் துறை முறைப்படி கலவை, செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. கட்டையால் அடித்து அடித்து இறுக்க வேண்டும். இது தெரிந்த ஆட்கள் சேலம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், வயதான மேஸ்திரிகளிடம் விசாரியுங்கள். மழைநீர் இறங்கும் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே தெரியும்.

*கான்கிரீட்.* சன்ஷேடின் அடிப்பக்கம் உரிந்து கம்பி தெரிவது இந்த வீடுகளின் முதல் நோய். காரணத்தைப் புரிந்துகொண்டால் சிகிச்சை தவறாது. புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அது கம்பியை எட்டியதும், ஈரம் சேர்ந்தால் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும், அதனால் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. மெல்லிய சன்ஷேடில் கம்பிக்கு மேல் மூடல் குறைவு என்பதால் அங்கே முதலில் தெரிகிறது.

சோதனை எளிது. புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் ஃபீனால்ஃப்தலின் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. எத்தனை மில்லிமீட்டர் ஆழம் வரை போயிருக்கிறது என்று அளந்து எழுதலாம். வீடு முழுக்க, கான்கிரீட்டின் உறுதியைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஆகியவற்றால் ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் அறிக்கை வாங்குங்கள். அவர் பழைய கட்டிடம் பார்த்த அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். முறுக்குக் கம்பி நம் நாட்டில் பரவியது 1960களின் நடுவில்தான். அதற்கு முந்தைய வீடுகளில் இருப்பது வழவழப்பான உருட்டுக் கம்பி. இன்றைய கணக்கை அப்படியே போட்டுப் பார்த்தால் எந்த வீடும் தேறாது, இடிக்கச் சொல்லி எழுதிவிடுவார்கள்.

பழுது வேலையில், முட்டு கொடுக்காமல் கொத்தத் தொடங்கக் கூடாது. கம்பியின் பின்பக்கம் வரை தளர்ந்த கான்கிரீட்டை எடுத்து, துருவைப் பளபளக்கும் வரை தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் பழைய வடிவுக்கே நிரப்ப வேண்டும். கம்பி மிகவும் தேய்ந்திருந்தால் பொறியாளர் சொல்லும் இடத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். துருவின் மேலேயே சிமெண்ட் பூசி மறைப்பது அடுத்த மழையோடு மறுபடி விழும். சன்ஷேடின் விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்ததோ அவ்வளவே இருக்கட்டும். இரண்டு அங்குல விளிம்பு பழுதுக்குப் பிறகு நான்கு அங்குலமானால் முகப்பே கனத்துப்போகும். அடியில் தண்ணீர் சொட்டி விழ இருந்த காடி அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். பாதி நோய் அதிலேயே குறையும்.

*ஜாலி.* உடைந்தவற்றுக்கு மட்டும் மர அல்லது இரும்பு அச்சில் புதிதாக வார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டு ஏ.சி. போடுவது இந்த வீட்டின் மூச்சை அடைப்பது. ஏ.சி. வேண்டுமென்றால் ஒன்றிரண்டு படுக்கையறைகளில் போடுங்கள், வெளி யூனிட் பின்பக்கம் இருக்கட்டும்.

*தரை.* மொசைக்கிலும் ரெட் ஆக்சைடிலும் விரிசல் இருந்தால் அது வயதின் அடையாளம், குறை அல்ல. மொசைக்கில் இருப்பது சலவைக்கல் சில்லு. கழிப்பறை கழுவும் ஆசிட் பட்டால் கரைந்துபோகும். மெஷின் பாலிஷ் போடுங்கள், மெழுகு பூசுங்கள். மேலே வழுவழு டைல் ஒட்டினால் கதவுகளையும் அறுக்க வேண்டி வரும், படிகளின் உயரக் கணக்கும் கெடும்.

*ஜன்னல்.* ஸ்டீல் ஜன்னலைத் துரு நீக்கி ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து மறுபடி பூட்டுங்கள். அந்த மெல்லிய கம்பிச் சட்டத்தின் அழகு யூ.பி.வி.சி. பிளாஸ்டிக் ஜன்னலில் வராது. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், எனவே நனைத்துச் சுரண்ட வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. கார் ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் துளையிடவோ காய்ந்தபடி உடைக்கவோ கூடாது.

*வயரிங்.* இதில் மட்டும் பழமைப் பற்று வேண்டாம். ரப்பர் உறை போட்ட பழைய வயர் கையால் மடித்தாலே நொறுங்கும். முழுதாகப் புது வயர், எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. எல்லாம் போடுங்கள். தேக்குப் பலகையும் கறுப்பு பேக்கலைட் சுவிட்சும் வெளித்தோற்றத்துக்கு இருக்கலாம்.

*நிறம்.* சுவரில் மறைவான இடத்தில் ஓர் அங்குலச் சதுரத்தை அடுக்கடுக்காகச் சுரண்டுங்கள். கீழே முதல் நிறம் தெரியும். அந்தக் காலத்தில் வெளிச்சுவருக்கு சிமெண்ட் பெயிண்ட் அதிகம். அது சுவரின் ஈரத்தை வெளியே விடும். பட்டி பார்த்து பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஓதம் உள்ளேயே தங்கி உப்பி உரியும்.

ஏற்காட்டில் வீடு என்றால்

கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் நோய் வேறு. சேவராயன் மலையின் சார்னோகைட் கல்லில் கட்டிய சுவர் அசையாது. ஆனால் மூடுபனியில் ஸ்டீல் ஜன்னல் சீக்கிரம் துருப்பிடிக்கும், தட்டையான மாடியில் பாசி பிடிக்கும். காப்பித் தோட்டத்து நிழலில் இருக்கும் வீடுகளில் சில்வர் ஓக் சருகு மழைநீர்க் குழாயை அடைத்துவிடும். மாடியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு துளைக்கும் சல்லடை போடுங்கள்.

அனுமதியும் வேறு. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமமான 'ஹாக்கா'வின் வரம்பில் ஏற்காடு வருகிறது. சேர்த்துக் கட்டுவது, மண்ணை வெட்டுவது, மரம் எடுப்பது எதுவானாலும் முன்கூட்டியே அங்கு விசாரியுங்கள். ஒரு வகையில் இந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு உதவியே. பக்கத்து மனையில் ஐந்து மாடி எழுந்து உங்கள் வீட்டின் பள்ளத்தாக்குக் காட்சியை மறைப்பதை அது தடுக்கிறது.

படி 5: அங்கீகாரம் தேடுவது

இப்போது உங்களிடம் வரைபடம், வரலாறு, முக்கியத்துவக் குறிப்பு, பொறியாளர் அறிக்கை, பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. 1984இல் தொடங்கிய, நாட்டின் மரபுச் செல்வங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு, அரசுப் பட்டியலில் வராத கட்டிடங்களையும் பதிவு செய்கிறது. அருகிலுள்ள கிளைக்கு எழுதுங்கள். அந்தப் பதிவுக்குச் சட்ட பலம் இல்லை, ஆனால் நீதிமன்றத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ பேச வேண்டி வந்தால் வெளியார் ஒருவரின் மதிப்பீடு கையில் இருக்கும். நவீன காலக் கட்டிடங்களுக்கென்றே 1988இல் நெதர்லாந்தில் தொடங்கிய டோகோமோமோ அமைப்பின் ஆவணப் படிவத்தைப் பின்பற்றி எழுதினால் கட்டிடக்கலைஞர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கட்டிடக்கலைக் கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வுப் பணியாக வீட்டைத் திறந்துவிடுங்கள். அளவெடுத்த வரைபடங்கள் செலவில்லாமல் கிடைக்கும், கல்லூரியிலும் ஒரு பிரதி தங்கும்.

அதன் பிறகு மாநில பாரம்பரிய ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு. தனி ஒரு வீடாகப் போவதைவிட அதே தெருவில் அதே காலத்து நான்கைந்து வீடுகளைச் சேர்த்துக்கொண்டு போவது பலமானது. ஒரு வீடு என்றால் ஒருவரின் ஆசை என்பார்கள். ஒரு தெரு என்றால் ஊரின் குணம் என்று வாதிடலாம். மனுவின் முதல் பக்கத்திலேயே வயதைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதிவிடுங்கள்: சண்டிகர் தலைமைச் செயலகம் உள்ளிட்ட கேப்பிடல் வளாகத்தை யுனெஸ்கோ 2016இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, அதற்கும் நூறு வயது ஆகவில்லை.

படி 6: செலவுக்கு வழி

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹெரிடேஜ் ஓட்டல்' வகைப்பாடு 1950க்கு முன் கட்டியவற்றுக்கானது. எனவே அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். 1958 வீட்டுக்குச் சாத்தியமானது தங்கும் வீடாக நடத்துவது. ஏற்காட்டில் அது சரிவரும். சேலத்துக்குள் என்றால் டாக்டர் கிளினிக், கட்டிடக்கலைஞர் அலுவலகம், சிறு நூலகம், காபி கடை போன்றவை பொருந்தும். வாடகை ஒப்பந்தத்தில் முக்கியத்துவப் பட்டியலை இணைப்பாகச் சேர்த்து, அதிலுள்ள எதையும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்று எழுதுங்கள். முகப்பில் ஏ.சி.பி. என்ற அலுமினிய ஷீட் பலகை அடிக்கக் கூடாது என்பதைத் தனி வரியாகவே எழுத வேண்டும்.

வருமானத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக் கணக்கில் தனியாக ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, பயன்படுத்திய பொருள், ஆளின் பெயர் எழுதி வாருங்கள். புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, மாடி வாட்டம், மழைநீர்க் குழாய், சன்ஷேட் அடிப்பக்கம், ஜன்னல் பட்டி இந்த நான்கையும் பார்த்துவிட வேண்டும். ஏற்காட்டில் இதே சோதனையை வைகாசியிலும் ஒருமுறை செய்யுங்கள், தென்மேற்கு மழை அங்கே முந்திக்கொள்ளும்.